பஸ்ராத் தாத்தா

குர்லாவில் எங்கள் குடும்பத்திற்குப் ‘பட்டாளத்தார் வீடு’ என்றொரு பெயர் உண்டு. சால்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட இந்நாளில், அப்பெயரைச் சொல்லி விசாரித்தால் வழிகாட்டுவார் அரியர். பழைய திருநெல்வேலிக் குடும்பங்கள் சிலவற்றில் உள்ள முதியோர் மட்டுமே அதனை நினைவில் வைத்திருக்கின்றனர். எனக்கு நினைவு தெரிந்த நாளாக எங்கள் வீட்டில் துப்பாக்கியைத் தொட்டவர் எவரும் இலர். என் பாட்டனார் மில் தொழிலாளி. தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியவர். நானோ கணக்கெழுதியே காலந் தள்ளி ஓய்வு பெற்றவன். பட்டாளத்தார் என்ற பெயர் எங்கள் பூட்டனாரால், அதாவது பாட்டனாருடைய தந்தையாரால் வந்தது. வீட்டில் அவரைப் ‘பஸ்ராத் தாத்தா’ என்பார்கள்.

அவரைப் பற்றி ஆராயப் புகுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறேன். சென்ற ஆண்டு, ஊரில் இருக்கும் என் சித்தப்பா மக்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடிவீடு கட்டினார்கள். வாயிலில் பதிப்பதற்கு ஒரு சலவைக்கல்லும் வந்து சேர்ந்தது. அதில் ‘சுபேதார் இல்லம்’ என்று பெயர் பொறிக்க வேண்டும்; கீழே தாத்தாவின் பெயரும், அவர் இருந்த படைப்பிரிவும், பணிபுரிந்த ஆண்டுகளும் இடம்பெற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கல் வெட்டுபவர் ஆண்டு என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. “பம்பாய் அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கும்” என்று சொல்லிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தவை செவிவழிச் செய்திகள் மூன்றே. தாத்தா பட்டாளத்தில் சுபேதாராக இருந்தார் என்பது ஒன்று. அவர் இருந்தது பாளையங்கோட்டைப் பட்டாளம் என்பது மற்றொன்று. பஸ்ராவில் சண்டையிட்டுத் திரும்புகையில் ஒரு மூட்டைப் பேரீச்சம்பழமும் சிப்பாய்க் கம்பளி ஒன்றும் கொணர்ந்தார் என்பது மூன்றாவது. கம்பளியை என் தந்தையாரே பார்த்திருக்கிறார்.

நான்காவது செய்தியும் ஒன்று உண்டு. அது பெருமைக்குரியதன்று, ஆதலால் விருந்தினர் முன்னிலையில் பேசப்படுவதில்லை. தாத்தாவிடம் ஒரு பதக்கம் இருந்தது. ஒரு புறம் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் முகம். மறுபுறம் ஆடையற்ற ஒருவன் குதிரை மீதமர்ந்து கேடயத்தை மிதிக்கும் உருவம். 1914, 1918 என்ற ஆண்டுகள். நிறம் செம்பு. அக்காலத்தில் பக்கத்துச் சாலில் குடியிருந்த வட ஆற்காட்டுக்காரர் ஒருவரிடம், அதே முகமும் அதே குதிரைவீரனும் கொண்ட பதக்கம் வெள்ளியில் இருந்தது. ‘அவருக்கு வெள்ளி, நமக்கு மட்டும் செம்பா?’ என்ற ஐயம் எங்கள் வீட்டுப் பெண்டிருக்கு எழுந்தது. தாத்தாவின் மருமகன் ஒரு சமயம் அப்பதக்கத்தை மெருகு போட்டு வருவதாக வாங்கிச் சென்றவர். அவர் வெள்ளியை விற்றுவிட்டு, அதே அச்சில் செம்பில் ஒன்று வார்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாத்தா காலமாகி ஓராண்டு கழிந்தபின் எழுந்த பேச்சாதலால், உண்மையைக் கூற அவரும் இல்லை.

அந்த மருமகனைச் செம்பூர் மாமா என்பர். அவர் சத்தியம் செய்து பார்த்தார், கேட்பாரில்லை. அவருடைய மகளை என் பெரியப்பாவுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்தச் சம்பந்தமும் நின்றுபோயிற்று. குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இரு வீட்டாருக்கும் போக்குவரத்தில்லை. நல்லதற்கும் இல்லை, கெட்டதற்கும் இல்லை.

தாத்தாவின் காகிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. ‘இருந்தன’ என்றுதான் சொல்ல இயலும். 2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாளை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் பதிவாயிற்று. மித்தி நதி கரை புரண்டு குர்லாவுக்குள் நுழைந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு மேலே ஏற்றி வைக்கும்படி என் மனைவி முன்பே இருமுறை கூறியிருந்தாள். நான் ஏற்றி வைக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது காகிதங்கள் யாவும் ஒரே கூழாகிக் கிடந்தன. ஓரெழுத்தைப் பிரித்துப் படிக்க முடியவில்லை. தாத்தாவின் பித்தளை வெற்றிலைச் செல்லமும் அதனுள் இருந்த பதக்கமும் மட்டுமே மிஞ்சின.

ஆகவே வீட்டுக்கு வெளியே தேடத் தொடங்கினேன். இத்துறையில் முன்பின் பழக்கமில்லாதவன் செய்யும் தவறுகள் யாவற்றையும் செய்தேன். அவற்றைச் சொல்லிவிட்டால் மற்றவர்க்குப் பயன்படலாம்.

முதலில் என் மருமகப்பிள்ளை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, தாத்தாவின் பெயரை இட்டுத் தேடினான். அதே பெயருடையோர் பலர் வந்தனர். அவர்களுள் சென்னை மாகாணப் படையினர் ஒருவரைக் கண்டதும், “இவர்தாம் மாமா” என்று துள்ளிக் குதித்தான். எனக்கும் உள்ளம் பூரித்தது. பிறகுதான் உறைத்தது: 1917-இல் அமைக்கப்பெற்ற அவ்வாணையத்தின் பட்டியல் மாண்டோரின் பட்டியல். முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியிலிருந்து இறந்தோரே அதில் இடம்பெறுவர். எங்கள் தாத்தாவோ குர்லாவில் பேரன் பேத்திகளைப் பார்த்து, சாவகாசமாக வயது முதிர்ந்து இறந்தவர். உயிரோடு திரும்பியவரை இறந்தோர் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தோம்! இறந்தோருள்ளும் எல்லாருடைய பெயரும் அங்கே இல்லை. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அவ்வாணையமே 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆதலால் பட்டியலில் பெயர் இல்லையென்பதைக் கொண்டு ‘அவர் போகவேயில்லை’ என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது.

அடுத்து, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த போர்க்காலப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி கண்ணில் பட்டது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் விவரங்கள், ஊர் வாரியாக! ஆனால் அவை பஞ்சாப் மாகாணத்துக்கு மட்டுமே உரியவை. நம் பக்கத்தில் அத்தகைய ஊர்வாரி ஏடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. அவ்வூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்று அது கூறும். குர்லாவிலும் தாராவியிலும் வாழும் வேலூர்க் குடும்பத்தார் பலர் அம்மணிக்கூண்டின் அடியில் நின்று பேருந்துக்குக் காத்திருந்திருப்பர். அந்த 277 பேரின் பெயர்களுள் ஒன்றேனும் அக்கல்லில் இல்லை.

பாளையங்கோட்டைப் பட்டாளம் என்ற செய்தியைச் சோதித்தேன். 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி என்ற படை மெய்யாகவே இருந்தது. 1914 அக்டோபர் 16-ஆம் நாள் நம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பற் கூட்டத்தில் அதுவும் சென்றது. நவம்பர்த் தொடக்கத்தில் ஜெர்மானியர் வசமிருந்த தாங்கா என்னும் துறைமுகத்தில் இறங்கி, படுதோல்வியுற்றுத் திரும்பிய படைகளுள் அதுவும் ஒன்று. தாங்கா இன்றைய தான்சானியாவில் இருக்கிறது, பஸ்ரா இராக்கில். வீட்டுக் கதையின் இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஒன்றையொன்று தள்ளி நின்றன. பேரீச்சம்பழமும் கம்பளியும் பஸ்ராவின் பக்கம் சாட்சி சொல்லின. பாளையங்கோட்டை என்ற சொல், ஊர்ப் பற்றினால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சுபேதார் என்ற பட்டத்தின் கதை ஊரிலிருந்தே வெளிப்பட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்து, பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் நகலை என் தம்பி முறையுள்ளவர் எடுத்து அனுப்பினார். 1921-இல் தாத்தா தம் பங்கு நிலத்தை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அக்காலப் பத்திரங்களில் தகப்பனார் பெயர், ஊர், மதம், ஜாதி, ஜீவனம், வயது என வரிசையாக எழுதுவது வழக்கம். தாத்தாவின் பெயருக்கு எதிரே ‘தற்சமயம் பம்பாய் குர்லாவில் வசிப்பு, ஜீவனம் கூலி’ என்றிருந்தது. பென்ஷன் பெற்ற சுபேதாராயின் எந்தப் பத்திர எழுத்தராவது அதை எழுதாமல் விட்டிருப்பாரா? மரியாதைக்குரிய பட்டம் எதுவாயினும் ஒரு வரி கூட்டி எழுதுகிறவர்களாயிற்றே அவர்கள்! நம்முடைய கிராமங்களில் பட்டாளத்துக்குப் போய் வந்த ஒருவர், முதல் தலைமுறையில் சிப்பாய், இரண்டாம் தலைமுறையில் ஹவில்தார், மூன்றாம் தலைமுறையில் சுபேதார் என்று இறந்த பின்பும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டேயிருப்பார். எங்கள் தாத்தாவுக்கும் அதுவே நிகழ்ந்திருந்தது.

இனிப் பதக்கத்திற்கு வருகிறேன். ஆயுத பூசைதோறும் புளியும் சாம்பலும் இட்டு அதை நாங்கள் பளபளவென்று விளக்கி வந்திருக்கிறோம். அந்தப் பக்தியே வினையாயிற்று. பதக்கத்தின் முகத்தைக் காட்டிலும் அதன் விளிம்புதான் முக்கியம் என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில், பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த விளிம்பைப் படிக்க ஒரு வழி உண்டு: மெல்லிய காகிதத்தைச் சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதும் பயன் தரும். வாசகர் எவர் வீட்டிலேனும் இத்தகைய பதக்கம் இருக்குமாயின், அருள்கூர்ந்து இனி அதனை விளக்காதீர்கள்.

காகிதத்தில் முதலில் நான்கு இலக்க எண் எழுந்தது. கடைசியில் ‘லேபர் கோர்’ என்ற சொற்கள். நடுவே தாத்தாவின் பெயர். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய காலமாதலால் உருத்தெரியாமல் சிதைந்திருந்தது. (சுடலைமுத்து என்ற பெயர் அவர்கள் கையில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். தேடுவோர் நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும்.) பெயருக்கு முன்னே, பதவி இருக்க வேண்டிய இடத்தில், ‘கூலி’ என்ற சொல் இருந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் நம் தமிழிலிருந்தே சென்றது என்று கூறுவாரும் உளர். அதை அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் செல்லத்தில் வைத்து மூடிவிட்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் தொடங்கிப் படிக்கலானேன். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் எனப்படும் இது, ஏறத்தாழ 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அவ்வாறு வெண்கலம் பெற்றோர் சீனர், மால்ட்டா தீவினர், இந்தியர் முதலிய தொழிலாளர் படையினர். அரசர் முகம் அதுவே, குதிரைவீரன் அவனே, அச்சும் அதுவே. உலோகம் மட்டும் வேறு. துப்பாக்கி ஏந்தியவனுக்கு வெள்ளி. மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலம். (சிறகு விரித்த தேவதை உருவம் கொண்ட வெற்றிப் பதக்கம் என்பது வேறு, அது எல்லாருக்குமே வெண்கலந்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.)

பக்கத்துச் சால்காரருடைய வெள்ளியும் மெய். எங்கள் தாத்தாவின் செம்பு நிறமும் மெய். எவரும் எதையும் விற்கவில்லை. போலி வார்த்தவர் எவராயினும், தேய்ந்த விளிம்பில் எண்ணும் படைப்பெயரும் பொறித்துப் ‘கூலி’ என்றும் எழுதியிருப்பாரா? செம்பூர் மாமா சொன்னது சத்தியம்.

இந்த உலோக வேற்றுமைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னிந்தியர் போருக்கு ஏற்றவரல்லர் என்ற கொள்கையர். ‘வீரஞ்செறிந்த இனங்கள்’ என்று வடநாட்டார் சிலரைப் பொறுக்கி எடுக்கும் முறை வலுத்தபின், தமிழருக்குக் காலாட்படையின் வாயில் குறுகிவிட்டது. எஞ்சியிருந்த சென்னைக் காலாட்படைகளும் போருக்குப் பின் 1920-களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்ஸ் எனப்படும் பொறிப்படை ஒன்றே தொடர்ந்து நிலைத்தது. ஆனால் 1914-இல் போர் மூண்டதும் ஆள் பஞ்சம் வந்தது. சுமப்பதற்கும், சாலை போடுவதற்கும், தண்டவாளம் இடுவதற்கும், சமைப்பதற்கும், நீர் இறைப்பதற்கும், கழிவகற்றுவதற்கும் எவ்வினத்தாராயினும் வேண்டியிருந்தது. 1919 டிசம்பர் முடிய இந்தியாவில் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர். அவர்களுள் 5,63,369 பேர் ‘பாலோயர்’ எனப்பட்ட ஆயுதமற்ற ஊழியர். பத்தில் நான்கு பேர்! ராதிகா சிங்கா என்னும் வரலாற்றாசிரியர் 2020-இல் வெளியிட்ட நூலொன்று முழுவதும் இவர்களைப் பற்றியதே. சிப்பாய்க்கு அப்போது மாதச் சம்பளம் 11 ரூபாய். பிரான்சுக்குச் சென்ற தொழிலாளர் படைக்கு அதனினும் கூடுதலாகவே பேசப்பட்டது. ஆனால் போர் முடிந்த பின் மரியாதையும் நினைவும் சிப்பாய்க்கே போயின.

பஸ்ராவை 1914 நவம்பரில் பிரிட்டிஷார் பிடித்தனர். மேலே சென்ற படை கூத் என்னும் ஊரில் முற்றுகையிடப்பட்டு, உணவின்றி 1916 ஏப்ரல் 29-ஆம் நாள் சரணடைந்தது. அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம் வண்டியும் படகும் சாலையும் போதாமையே. ஆதலின் அதன் பின்னர் பஸ்ராவில் கப்பல் அணையும் துறைகள், இருப்புப்பாதைகள், கிடங்குகள் யாவும் மளமளவென்று எழுப்பப்பட்டன. அவற்றைக் கட்டியோர் பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர். 1917 மார்ச் 11-இல் பாக்தாது விழுந்தது. பாக்தாதுக்குள் நுழைந்த தளபதியின் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. அவருடைய குதிரைக்குத் தீனி மூட்டை சுமந்து சென்றவர்களுக்கு, வெண்கலத்தின் விளிம்பில் நகக்கண் அளவு எழுத்துகளே மிச்சம்.

இவ்விடத்தில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய முன்னோரையுடைய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் நிலை எங்களினும் நன்று. அப்போரில் இந்தியப் படை 25 லட்சத்தை எட்டியது. கலைக்கப்பட்ட சென்னை ரெஜிமெண்டும் மீண்டும் எழுப்பப்பட்டது. முன்னோரின் படை எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவுக் காகிதம், மணியார்டர் அடிக்கட்டை, பதக்க விளிம்பு, சீருடைப் புகைப்படத்தின் பின்புறம் ஆகியவற்றில் அவ்வெண் இருக்கக்கூடும். சாப்பர்ஸ் படையினருக்குப் பெங்களூரிலும், சென்னை ரெஜிமெண்டினருக்கு நீலகிரி வெல்லிங்டனிலும் ஆவண அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டு மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழி சொல்லும். பதிவு முழுமையாக இருந்தால் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதற்குச் சுபேதார் சுப்பிரமணியத்தின் வரலாறே சான்று. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த அவர், சென்னை சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் மிஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிமீது தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருது பெற்ற முதல் இந்தியர் அவரே. ஊர், படை, நாள், செயல் அனைத்தும் அவருக்குப் பதிவாகியிருக்கின்றன. சுபேதார் என்ற சொல்லுக்கு அத்தகைய பொருள் இருக்கிறது. அதை எங்கள் சலவைக்கல்லில் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு வயது 87. தாத்தாவின் கையைப் பிடித்து நடந்தவர் எங்கள் குடும்பத்தில் இப்போது அவர் ஒருவரே. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் போரிபந்தர் பக்கமிருந்து முதல் மின்சார ரயில் குர்லாவுக்கு வந்தபோது தாத்தா கூட்டத்தில் நின்று பார்த்த கதையை, இன்றும் தாமே பார்த்தது போலச் சொல்லுவார். காகிதத்தைக் காட்டி, மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னேன். கூலி என்ற சொல்லை நான் மென்று விழுங்கியதை அவர் கவனித்துவிட்டார்.

“அவர் தோளில் இந்த இடத்தில் ஒரு காய்ப்பு உண்டு, தம்பி. என்னைத் தூக்கி உட்கார வைத்தால் குத்தும். மில்லில் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. “அப்படியானால் மாமா விற்கவில்லை” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறன்று நான் தனியே செம்பூருக்குச் சென்றேன். கதவைத் திறந்த இளைஞருக்கு நான் யாரென்று தெரியவில்லை. சொன்னதும் முகம் மாறிற்று. உள்ளே இருந்த அம்மையாரைச் சித்தி என்று அழைக்க வேண்டிய முறை எனக்கு. வாழ்நாளில் அன்றுதான் அழைத்தேன். பதக்கத்தையும் பென்சில் எழுத்தையும் அவர் முன் வைத்து, அவருடைய தந்தையார் மீது எங்கள் வீட்டார் சுமத்திய பழி பொய்யென்பதையும், வெண்கலத்தின் காரணத்தையும் விளக்கினேன். அவர் பதக்கத்தைக் கையில் எடுக்கவில்லை. “அப்பா சாகும்போதும் இதைத்தான் சொன்னார்கள்” என்றார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவற்றுள் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை.

காப்பி வந்தது. அதைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, சித்தி மருமகளிடம் ஏதோ சொன்னார்கள். சுவரில் மாட்டியிருந்த அவருடைய தந்தையாரின் படத்தைக் கழற்றி, பின்னட்டையைப் பிரித்து, மடித்த காகிதம் ஒன்றை மருமகள் எடுத்து வந்தார். தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதம்! எங்கள் வீட்டில் அக்காலத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. செம்பூர் மாமாவுக்குத் தெரியும். படித்துச் சொல்லும்படி தாத்தாவே அதை அவரிடம் கொடுத்து, “நீரே வைத்திரும்” என்று சொல்லியிருக்கிறார். பெட்டியில் இருந்திருந்தால் மித்தி வெள்ளத்தில் அதுவும் கூழாகியிருக்கும்.

காகிதத்திலிருந்த எண்ணும் விளிம்பிலிருந்த எண்ணும் ஒன்றே. தகப்பனார் பெயரும் தாலுகாவும் பத்திரத்தோடு ஒத்திருந்தன. சேர்ந்தது 1917, விடுவிக்கப்பட்டது 1919, பம்பாயில். நடத்தை ‘நன்று’ என்றிருந்தது. சேர்ந்த இடம் என்ற வரியில்தான் நான் திடுக்கிட்டேன். அங்கேயும் பம்பாய் என்றே எழுதியிருந்தது. போர் முடிந்து கப்பலில் வந்திறங்கியதால் தாத்தா இவ்வூரில் தங்கிவிட்டார் என்று, இந்தக் கட்டுரைக்கு அழகான முடிவொன்றை நான் மனத்தில் எழுதி வைத்திருந்தேன். அது பிழை. போருக்கு முன்பே அவர் இங்கே இருந்திருக்கிறார். எப்போது வந்தார், யாருடன் வந்தார், எங்கே வேலை செய்தார் என்பவற்றை இனித்தான் தேட வேண்டும்.

ஊரில் சலவைக்கல் விஷயம் உடனே முடியவில்லை. சுபேதார் போனதில் சித்தப்பா மக்களுக்கு வருத்தம். கூலி என்று எழுதுவதா என்று இளையவன் தொலைபேசியில் சினந்துகொண்டான். ‘கூலி என்று எழுத வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம்’ என்றேன். ஒரு மாதம் கழித்து, தாத்தாவின் பெயரும், அதன்கீழ் ‘1917–1919 பஸ்ராவில் பணிபுரிந்தவர்’ என்ற ஒரு வரியும் பொறித்துப் பதித்தார்கள். வீட்டுக்குப் ‘பஸ்ரா இல்லம்’ என்று பெயர்.

அதற்கு முன்பே பெரியப்பா ஒரு நாள் சலவைச் சட்டை அணிந்து, பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு, “செம்பூருக்கு ஒரு ரிக்‌ஷா கூப்பிடு” என்றார். இருவரும் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் மூட்டுவலியைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியுமே பேசினார்கள். புறப்படும்போது பெரியப்பா பதக்கத்தை எடுத்துச் சித்தியின் தந்தையாருடைய படத்தடியில் வைத்தார். அது இப்போது அங்கேதான் இருக்கிறது. ஆயுத பூசைக்கு மட்டும் குர்லாவுக்கு வரும். புளி போட்டு விளக்கக் கூடாதென்று இரு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன்.